முதிர்ந்த பூ-எர், லியூ பாவ் குடிப்பவர்கள் இங்கே உண்டா?

மாலைநடை (ஹாங்காங்):

வணக்கம். காப்பிக்கு இங்கே ஏராளமான இழைகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் முதிரவைத்துக் குடிக்கும் சீனத் தேயிலைக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன்.

வேலைக்காக ஹாங்காங் வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். சிறு சிறு பண்டங்களைத் தேநீரோடு பரிமாறும் திம்சம் உணவகத்தில் உட்கார்ந்ததும் என்ன தேநீர் வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். வயதானவர்கள் பலரும் யோசிக்காமல் 'போ லெய்' என்பார்கள். யுன்னான் மாநிலத்துப் பூ-எர் தேயிலைக்குக் கான்டனீஸ் மொழியில் அதுதான் பெயர். சிலர் சாமந்திப்பூ சேர்த்துத் தரச் சொல்வார்கள். கறுப்பை நெருங்கும் நிறம், பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. எண்ணெய்ப் பண்டங்களோடு குடிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை.

நான் பேச நினைப்பது அந்த உணவகத் தேநீரின் மூத்த உறவைப் பற்றி. வட்டாக அழுத்தி, இருபது முப்பது ஆண்டுகள் கிடங்கில் இருந்த பச்சைப் பூ-எர், அதாவது 'ஷெங்'. நூறு மில்லி பிடிக்கும் மூடிக்கிண்ணத்தில் ஏழு கிராம் இலை, தளதளவென்று கொதித்த நீர். முதல் நீரைக் கொட்டிவிடுவேன். அடுத்ததில் பழைய மரத்தின் மணம். மூன்றிலும் நான்கிலும் கற்பூரம் எட்டிப்பார்க்கும். ஐந்தை ஒட்டிக் கசப்பு தலைகாட்டும். விழுங்கிய பிறகு அந்தக் கசப்பே தொண்டையில் இனிப்பாகத் திரும்பி வரும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்த இனிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சீனர்கள் இதை 'ஹுய் கான்' என்கிறார்கள்.

பத்து ஊற்றலைத் தாண்டினால் நிறம் வெளுத்துவிடும், இனிப்பு மட்டும் மிஞ்சும். அதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொட எனக்குத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு கிண்ணமும் முந்தையதிலிருந்து கொஞ்சம் விலகியே இருப்பதால் கவனம் அதிலேயே தங்கிவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம் என்னிடம் எதையும் கேட்பதில்லை. மறுநாள் வரைக்கும் மனம் நிதானமாக இருக்கிறது.

நீங்கள் எதைக் குடிக்கிறீர்கள், அது எங்கே முதிர்ந்தது என்று எழுதுங்கள்.

இலைமேடு (குன்னூர்):

தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எங்களிடம் பழைய சரக்கு என்றாலே ஏலத்தில் விலை இறங்கும். டஸ்ட் என்கிற தூள் தேயிலை பழசானால் மணமும் போய்விடும், உறைப்பும் போய்விடும். உங்களிடம் மட்டும் முப்பது ஆண்டுச் சரக்குக்கு விலை ஏறுவது எப்படி? செடி ஒன்றுதானே. விற்காமல் தேங்கியதைப் 'பழமை' என்று பெயர் சூட்டி விற்பது எல்லா ஊர் வணிகர்களுக்கும் தெரிந்த வழி. இலையின் அளவில் காரணம் இருந்தால் சொல்லுங்கள். கீழைத்தேய ஞானம் என்ற வகையில் பதில் வேண்டாம்.

வேதிக்கூடம்:

இலைமேடு ஐயா, செடி ஒன்றுதான். யுன்னானில் இருப்பதும் அசாம் வகையைச் சேர்ந்த பெரிய இலைச் செடியே. பறித்த பிறகுதான் பாதை பிரிகிறது.

உங்கள் தொழிற்சாலையில் இலையை வாட்டி, நசுக்கி, முழுமையாக ஆக்சிஜனேற்றம் நடக்க விட்டு, டிரையரில் கடும் சூட்டில் உலர்த்துகிறீர்கள். தேயிலை அங்கேயே முழுமை பெற்றுவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அதற்கு இழப்புதான். பூ-எரில் இலையைப் பறித்த கையோடு இரும்புச் சட்டியில் வாட்டுகிறார்கள். நொதிகளில் பெரும்பகுதி அடங்கும், முற்றிலும் அழியாது. பிறகு உருட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்த இலையை நீராவியில் இளக்கி, துணிப்பையில் முறுக்கி, கல்லுக்கு அடியில் வைத்து அழுத்தினால் வட்டு கிடைக்கும். அந்த இலையில் துவர்ப்புத் தரும் கேட்டசின்கள் பெருமளவு அப்படியே நிற்கின்றன. புது ஷெங் வாயைக் கட்டுவதற்கு அதுவே காரணம். காற்றும் ஈரமும் நுண்ணுயிர்களும் சேர்ந்து அந்தக் கேட்டசின்களை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல தியாபிரவுனின் போன்ற பெரிய சேர்மங்களாக மாற்றுகின்றன. துவர்ப்பு இறங்கும், நிறம் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்குப் போகும், நீருக்குக் கனம் கூடும்.

அதையே விரைவுபடுத்திச் செய்வது 'ஷோ'. 1973இல் யுன்னானில் உள்ள குன்மிங் தேயிலை ஆலை இந்த முறையை உருவாக்கியது. இலையைக் குவித்து, நனைத்து, மூடி வைப்பார்கள். குவியலுக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். அவ்வப்போது கிளறிக்கொடுத்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் எடுப்பார்கள். அஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஷோவின் அந்த முதிர்ந்த மணத்துக்கு மெத்தாக்ஸிபென்சீன் வகைச் சேர்மங்கள் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

உங்கள் டஸ்ட்டை எந்தக் கிடங்கில் வைத்தாலும் இது நடக்காது. மாறுவதற்கு அதில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

இலைமேடு:

வெயிலில் காயவைப்பது என்றதும் விளங்கிவிட்டது, நன்றி. அடுத்த கேள்வி. ஈரமும் பூஞ்சையும் வேலை செய்கின்றன என்றால், முதிர்ந்த இலைக்கும் கெட்டுப்போன இலைக்கும் எல்லையை எங்கே போடுகிறீர்கள்?

மாலைநடை:

ஹாங்காங்கில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டையைக் கேட்டுவிட்டீர்கள்!

இங்குள்ள பழைய வணிகர்கள் ரசனைக்காகத் தேயிலையைக் கிடங்கில் போடவில்லை. உணவகங்களுக்கு நாள் முழுவதும் ஊற்றக்கூடிய, வயிற்றைக் கடிக்காத, கறுத்த தேநீர் மலிவாகத் தேவைப்பட்டது. யுன்னானிலிருந்து வந்த புது இலையோ கசந்தது. அதனால் ஈரம் மிகுந்த தரைத்தளக் கிடங்குகளில் அடுக்கிச் சில ஆண்டுகள் வைத்து, பிறகு காற்றோட்டமான வேறு கிடங்குக்கு மாற்றி ஈரவாடையை இறக்கினார்கள். இரண்டாவது கட்டம்தான் கைத்திறன். எந்த மூட்டையை எப்போது இடம் மாற்றுவது, எப்போது கதவைத் திறப்பது, எதை இன்னும் ஒரு மழைக்காலம் விட்டுவைப்பது என்று முடிவெடுத்த கிடங்குக்காரர்களின் பெயர் எந்த வட்டின் உறையிலும் கிடையாது. ஒரு நல்ல பழைய வட்டைக் குடிக்கும்போது நான் நினைத்துக்கொள்வது அவர்களைத்தான். இலையை விளைவித்த மலை பாதி என்றால், அதைக் காத்த கிடங்கு மறுபாதி.

எல்லை பற்றிக் கேட்டீர்கள். நனைந்த மண்ணின் மணம் இரண்டு மூன்று ஊற்றலில் விலகி அடியிலிருந்து இனிப்பு மேலே வந்தால் அது முதிர்ந்த தேயிலை. பூசண நாற்றம் கடைசிவரை விலகாமல் தொண்டையை உறுத்தினால் கொட்டிவிட வேண்டியதுதான், அது எத்தனை ஆண்டுச் சரக்காக இருந்தாலும் சரி.

உலர்கிடங்கு:

மாலைநடையோடு முழுமையாக ஒத்துப்போக என்னால் முடியாது. ஈரக் கிடங்கு இலைக்குக் கறுப்பையும் வழவழப்பையும் கொடுக்கிறது, அந்த இலை எந்த மலையில் விளைந்தது என்ற அடையாளத்தைத் துடைத்துவிடுகிறது. யுன்னானின் யீவூ மலைத் தேயிலையின் மென்மையும் புலாங் மலைத் தேயிலையின் முரட்டுத்தனமும் அதற்குள் போனால் ஒரே குரலில் பேசுகின்றன. குன்மிங் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த வறண்ட காற்றில் வட்டு மெதுவாகத்தான் மாறும், ஆனால் தேன்மணமும் பூமணமும் நெடுநாள் தங்கும். இருபது ஆண்டு கழித்தும் கொஞ்சம் கசப்பு நிற்கும். நிற்கட்டும், எனக்கு அது வேண்டும்.

ஹாங்காங்கிலேயே இதற்குச் சான்று உண்டு. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த மெங்ஹாய் ஆலையின் 7542 வட்டுகளை ஈரக் கிடங்குக்கு அனுப்பாமல் உலர்வாக வைத்துக் காத்தார்கள். பின்னால் '88 சிங்' என்ற பெயரில் புகழ்பெற்றவை அவைதான். உலர்வாக வைத்தாலும் பூ-எர் அழகாக முதிரும் என்று பலரை நம்பவைத்தவை அந்த வட்டுகள்.

தென்றல்:

புதியவள். எல்லாவற்றையும் ஆவலோடு படிக்கிறேன். 7542 என்பது என்ன? இணையத்தில் ஒரு விற்பனையாளர் அதே எண்ணைக் காட்டி, '75ஆம் ஆண்டுத் தேயிலை' என்று விற்கிறார்.

உலர்கிடங்கு:

தென்றல், அவரிடம் வாங்க வேண்டாம். முதல் இரண்டு எண்கள் அந்தக் கலவை உருவான ஆண்டைச் சொல்கின்றன, அதாவது 1975. மூன்றாவது எண் இலையின் தரநிலை. கடைசி எண் ஆலையைக் குறிக்கிறது: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 சியாகுவான். இந்த ஆண்டு செய்த வட்டிலும் 7542 என்றே இருக்கும். 7572 என்றால் அதே ஆலையின் ஷோ.

போலிகள் மலிந்த சந்தை இது. தாளுறையைப் பழுப்பாக்குவது எளிது. வட்டுக்குள் இலையோடு சேர்த்து அழுத்தியிருக்கும் சிறு அடையாளச் சீட்டையும் அச்சடித்துவிடுகிறார்கள். கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், குடித்துப் பார்த்து வாங்குவதுதான் ஒரே பாதுகாப்பு. 2007இல் பூ-எர் விலை வெறிகொண்டு ஏறி அதே ஆண்டில் சரிந்தது. தேயிலை குடிக்காதவர்கள்கூடப் பங்குச்சந்தையை நினைத்து மூட்டை மூட்டையாக வாங்கிய காலம் அது. யுன்னானின் சிமாவ் நகரம் தன் பெயரைப் பூ-எர் என்று மாற்றிக்கொண்டதும் அந்த ஆண்டுதான்.

வட்டின் எடையும் தெரிந்திருக்கட்டும். ஒன்று 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் பட்டையில் கட்டினால் ஒரு 'தோங்', ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பழைய முறையில் பன்னிரண்டு தோங் ஒரு கூடை.

கிந்தா (ஈப்போ):

வணக்கம். இத்தனை பேர் பேசுகிறீர்கள், லியூ பாவைத் தலைப்பில் போட்டுவிட்டு ஒருவரும் தொடவில்லையே! எனக்கு அதுதான் எல்லாம்.

லியூ பாவ் யுன்னான் தேயிலை இல்லை. குவாங்சி மாநிலத்தில் வூச்சோ நகரை ஒட்டிய சாங்வூ வட்டாரத்தில் லியூ பாவ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து படகில் ஆற்று வழியாகக் குவாங்சோவுக்கும் ஹாங்காங்குக்கும் வந்து, பிறகு கப்பலில் மலாயா வந்த தேயிலை. வட்டாக அழுத்துவதைவிட மூங்கில் கூடைகளில் திணித்து அனுப்புவதே வழக்கம். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் அதைத்தான் குடித்தார்கள். நாள் முழுக்க வெயிலிலும் தண்ணீரிலும் நிற்பவர்களுக்கு உடம்பில் சேர்ந்த ஈரத்தை அது போக்கும் என்று நம்பினார்கள். பெரிய பாத்திரத்தில் காய்ச்சி வைத்தால் யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம்.

1985இல் ஈய விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. குடிக்கும் ஆட்கள் குறைந்த பிறகும் தேயிலைக் கடைகளின் பின்கட்டில் கூடைகள் கிடந்தன. எங்கள் ஊர் வெக்கையும் ஈரக்காற்றும் அவற்றைக் கேட்பாரின்றியே முதிரவைத்தன. பின்னால் சீனாவிலிருந்து ஆட்கள் வந்து அவற்றை நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிப் போனார்கள். இன்றும் 'மலேசியக் கிடங்கு' என்று சொன்னால் குவாங்சோ சந்தையில் அதற்குத் தனி மதிப்பு.

நல்ல முதிர்ந்த லியூ பாவில் வரும் மணத்தைச் சீனர்கள் பாக்கு மணம் என்கிறார்கள். அது எல்லாச் சரக்கிலும் வராது. வந்தால் அதற்காகவே வாங்குவார்கள். என் பாட்டிக்கு வெற்றிலைப் பெட்டி இல்லாமல் ஒரு வேளை ஆகாது. அந்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்: அது பச்சைப் பாக்கின் வாடை இல்லை, வெட்டிக் காயவைத்த கொட்டைப்பாக்கின் குளிர்ந்த மணம். கிண்ணம் காலியான பிறகு அடியை மோந்து பாருங்கள், அங்கேதான் தெளிவாக நிற்கும். கடைக்காரச் சீனப் பெரியவர் முதன்முதலில் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, 'உனக்கு இது தெரிந்திருக்குமே' என்றார். எனக்குத் தெரிந்திருந்தது.

ஈரக் கிடங்கா உலர் கிடங்கா என்று நீங்கள் இருவரும் வாதாடுவது படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இது கூலி உழைப்பாளியும் உணவகத்துக்காரரும் குடித்த தேநீர் என்பதை விட்டுவிடாதீர்கள். அதன் அமைதி விலையால் வந்ததில்லை. காலம் கூர்மையை எடுத்துவிட்டது, அதனால் எத்தனை கிண்ணம் வேண்டுமானாலும் உள்ளே இறங்குகிறது. நான் நாட்கூலிக்காரர்களோடு உட்கார்ந்து கண்ணாடிக் குவளையில் குடித்த லியூ பாவும், மாலைநடை மூடிக்கிண்ணத்தில் குடிக்கும் ஷெங்கும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான்.

மாலைநடை:

கிந்தா அண்ணன், இந்தப் பதிவுக்காகவே இழை தொடங்கியது தகும். உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். இங்கும் விலை வந்தது 1990களில் தைவான் சேகரிப்பாளர்கள் ஹாங்காங் கிடங்குகளைத் தேடி வந்த பிறகுதான். அதற்கு முன்னால் அது அன்றாடத் தேநீர்.

வழிப்போக்கன்77:

சர்க்கரை, கொழுப்பு இரண்டும் இதனால் குறையும் என்கிறார்களே, உண்மையா?

வேதிக்கூடம்:

மருந்தாக நினைத்து வாங்காதீர்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தவும் வேண்டாம். எவ்வளவு முதிர்ந்தாலும் காஃபீன் இதில் இருக்கும், தூக்கம் எளிதில் கலைபவர்கள் மாலைக்குப் பிறகு தவிர்ப்பது நல்லது. பால் சேர்க்காத சர்க்கரை சேர்க்காத நல்ல பானம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

தென்றல்:

தொடங்கலாம் என்று இருக்கிறேன். நான் சென்னையில் இருக்கிறேன். மூடிக்கிண்ணம் இல்லை, பெரிய செலவும் செய்ய முடியாது. எதை வாங்குவது, வீட்டில் எப்படி வைப்பது?

கிந்தா:

தங்கச்சி, முப்பது ஆண்டுச் சரக்கை இப்போது நினைக்கவே வேண்டாம். ஐந்தாறு ஆண்டு கிடந்த லியூ பாவோ, நல்ல ஆலையின் ஷோவோ ஐம்பது கிராம் வாங்குங்கள். ஷோவுக்கு ஐந்தாறு ஆண்டு போதும், குவித்த வாடை இறங்கியிருக்கும். மூடியுள்ள சிறிய பீங்கான் கிண்ணம் எது இருந்தாலும் போதும். ஐந்து கிராம் இலை, கொதிநீர், ஒரு முறை அலசிக் கொட்டுங்கள். பிறகு பத்து விநாடியில் வடித்துவிட வேண்டும், நம் ஊர் டீயைப் போல இறங்கட்டும் என்று காத்திருந்தால் மை ஆகிவிடும். போகப்போக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஷோவில் இலந்தைப்பழத்தின் இனிப்பு வரும், கவனித்துப் பாருங்கள்.

உலர்கிடங்கு:

வைப்பது பற்றி நான் சொல்கிறேன். சென்னையின் வெப்பமும் ஈரமும் முதிர்வதற்குத் தாராளமாகப் போதும், நான்கூட ஒத்துக்கொள்வேன். பயப்பட வேண்டியது மணங்களுக்கு. தேயிலை பக்கத்தில் இருக்கும் எதையும் உறிஞ்சிக்கொள்ளும். சமையலறை கூடாது, பூஜை அலமாரி கூடாது, அந்துருண்டை போட்ட பீரோ கூடவே கூடாது. ஊதுவத்தி ஏற்றும் அறையில் ஒரு மாதம் வைத்த வட்டை மீட்க வழி இல்லை. மணமில்லாத அட்டைப்பெட்டியிலோ பூச்சு இல்லாத மண்ஜாடியிலோ போட்டு, வெயில் படாத உள்ளறையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஈரப்பதம் எழுபது சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள், வெள்ளைத் திட்டு தெரிந்தால் காற்றாட வையுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அங்கே முதிர்ச்சி நின்றுவிடும்.

இலைமேடு:

சில வாரங்களாக எழுதவில்லை. கோவையில் உள்ள நண்பர் ஒருவரிடமிருந்து கொஞ்சம் லியூ பாவும், ஹாங்காங் கிடங்கில் இருந்த பழைய ஷெங் ஒரு துண்டும் கிடைத்தன. என் தொழில் பழக்கப்படி முதலில் எடைபோட்டு ஆறு நிமிடம் ஊறவைத்து, உறிஞ்சித் துப்பினேன். இரண்டுமே தேறவில்லை. எங்கள் மேசையில் தேடும் உறைப்பும் பளிச்சென்ற நிறமும் அவற்றில் இல்லை. பிறகு கிந்தா சொன்னபடி சிறிய கிண்ணத்தில் அடுத்தடுத்து ஊற்றிக் குடித்தேன், துப்பாமல்.

லியூ பாவ் எனக்குப் பிடித்திருக்கிறது. பாக்கு மணம் எனக்குக் கிடைத்ததில் வரவில்லை, ஆனால் நீரின் கனமும் குளிர்ச்சியும் உண்மை. ஏழாவது ஊற்றலில் எந்தத் துவர்ப்பும் இல்லாமல் இனிப்பு நிற்பதைத் தொழிற்சாலை வாழ்க்கை முழுவதிலும் நான் எந்த இலையிலும் கண்டதில்லை. ஈரக் கிடங்கு ஷெங்கை என் நாக்கு ஏற்கவில்லை, அந்த மண்வாடை எங்கள் ஊரில் மூட்டையைத் திருப்பி அனுப்பவேண்டிய வாடை. இதில் உலர்கிடங்கு பக்கம் நிற்கிறேன். பழைய வட்டுகளுக்குக் கேட்கும் விலையையும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனால் நல்ல இலையை வெயிலில் காயவைத்துச் சில ஆண்டு காத்துப் பார்க்கும் எண்ணம் நீலகிரியில் யாருக்காவது வந்தால் முதல் ஆளாக உதவுவேன்.

மாலைநடை:

ஐயா, அந்த ஷெங் துண்டு மீதம் இருந்தால் உடைத்து, தாளில் பரப்பி, மணமில்லாத அறையில் இரண்டு மாதம் காற்றாட விட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். மண்வாடை பெரும்பாலும் இறங்கிவிடும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் இந்த வாதத்தில் உங்களை விட்டுவிடுகிறேன்.

தென்றல்:

ஷோ வட்டு வந்துவிட்டது, கல்லாக இருக்கிறது. கத்தியால் வெட்டலாமா?

உலர்கிடங்கு:

வெட்டாதீர்கள், இலை தூளாகும். தூள் விழுந்தால் நீர் கசக்கும். வட்டைப் பிரிக்கும் தேயிலை ஊசி இல்லையென்றால் கூர்மழுங்கிய மெல்லிய ஸ்க்ரூடிரைவரை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். மேலிருந்து குத்தாமல், வட்டின் விளிம்பிலிருந்து கிடையாகச் செருகி மெல்ல நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். நெம்பும்போது இன்னொரு கையை ஊசி போகும் திசையில் வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பிரித்துச் சிறிய ஜாடியில் போட்டுவிட்டு, மீதியை அதன் தாளிலேயே சுற்றி வையுங்கள்.